ஹாம்பர்க்கில் இரண்டு பீப்பாய்கள்

அன்புள்ள ஐயா,

என் பெரியப்பாவைப் பற்றி எழுதுகிறேன். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், கணக்கில் புலி. ஏழெட்டு வருஷமாக யூடியூபில் ஒரு ஊழியக்காரரின் செய்திகளைக் கேட்டுக் கேட்டு, இயேசுவின் இரண்டாம் வருகை இன்ன வருஷத்துக்குள் என்று நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுகிறார். இஸ்ரேலில் குண்டு விழுந்தால் ஒரு டிக், எங்காவது பூமி அதிர்ந்தால் ஒரு டிக். முதலில் அவர் சொன்ன வருஷம் வந்துவிட்டுப் போய்விட்டது. வெட்கப்படுவார் என்று பார்த்தால், "கணக்குல மூணரை வருஷம் விட்டுப்போச்சு" என்கிறார். அவர் மகளுக்கு, எனக்கு அக்கா, முப்பது ஆகப்போகிறது. வரன் பார்ப்பதை நிறுத்திவிட்டார். கேட்டால், "எதுக்குல இதெல்லாம், அதுக்குள்ள அவர் வந்துருவார்." (இதில் வேடிக்கை, போன ஆடியில் வீட்டுக்குப் பின்னால் நாலு தென்னம்பிள்ளை வைத்திருக்கிறார்.) படித்த மனிதர். தேதி பொய்த்த பிறகும் ஏன் விடமாட்டேன் என்கிறார்? உளவியலில் இதற்கு ஏதோ பேர் சொல்கிறார்களே, அதுதானா? எல்லா மதத்திலும் இது உண்டா? கல்கி கதையும் இதே ரகமா?

ச., தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அடைப்புக்குறிக்குள் இருக்கும் தென்னம்பிள்ளைகள்தான். அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

உளவியல்காரர்கள் சொல்லும் பேர் 'அறிவு முரண்'. அமெரிக்காவில் ஒரு சிறு குழு, 1954 டிசம்பர் 21 அன்று பெருவெள்ளம் வரும், தங்களைப் பறக்கும் தட்டு வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்று காத்திருந்தது. லியான் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் அதை ஆராய்ந்து 1956இல் எழுதினார்கள். வெள்ளமும் வரவில்லை, தட்டும் வரவில்லை. ஆனால் நம்பிக்கை குறையவில்லை, கூடியது என்றார்கள். நம்பிக்கைக்காக நிறைய இழந்தவனால் 'ஏமாந்தேன்' என்று சொல்ல முடியாது, அதனால் இன்னும் இறுக்கிப் பிடிப்பான் என்பது அவர்கள் விளக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர், நம்புகிறவர்கள்போல நடித்து உள்ளே போன ஆய்வாளர்கள். கூட்டத்தில் நாலு பேர் வேவுகாரர்கள் என்றால், மிச்சப் பேர் என்ன செய்தார்கள் என்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. எனக்கு ஒரு மாமனாரின் கதை இதைவிட அதிகம் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

ஊர் ஜெர்மனியின் ஹாமெல்ன். காலம் 1666. அதற்குக் கொஞ்சம் முன்கதை வேண்டும். 1648ஆம் வருஷத்தில் மீட்பு வரும் என்று யூத மறைஞான மரபான கபாலாவின் அறிஞர்கள் சிலர் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அந்த வருஷம் வந்தது மீட்பு அல்ல, உக்ரைனில் கிமெல்னித்ஸ்கியின் கொசாக்குகள் நடத்திய படுகொலை. அந்தக் காயம் ஆறாத நிலையில் 1665இல் ஒரு செய்தி கிளம்பியது. இன்றைய இஸ்மீர், அன்றைய ஸ்மிர்னாவில் 1626இல் பிறந்த சபத்தாய் ஸ்வி என்பவர்தான் யூதர்கள் காத்திருந்த மீட்பர், மெசியா! அவர் மனசு ஒரு நாள் உச்சியில் நிற்கும், ஒரு நாள் பாதாளத்தில் கிடக்கும். அதற்கு வைத்தியம் கேட்டுத்தான் காசாவில் இருந்த நாத்தான் என்ற இளைஞரிடம் போனார். அவரோ, "உமக்கு நோய் இல்லை, நீர்தான் மெசியா" என்று சொல்லிவிட்டார். வைத்தியத்துக்குப் போனவர் ராஜாவாகத் திரும்பினார்.

செய்தி கப்பல் ஏறி ஆம்ஸ்டர்டாம், ஹாம்பர்க், லண்டன் என்று பரவியது. லண்டனில் ஒரு யூதர், இவரைக் கீழ்த்திசை மன்னர்கள் எல்லாரும் இரண்டு வருஷத்துக்குள் உலகத்தின் ராஜாவாக ஒப்புக்கொண்டால் நூறு பவுண்டு, இல்லாவிட்டால் என் பத்துப் பவுண்டு போகட்டும் என்று பந்தயம் கட்டியதாக சாமுவேல் பீப்ஸ் 1666 பிப்ரவரியில் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஹாம்பர்க்கில் போர்த்துகீசிய யூத இளைஞர்கள் அகலமான பச்சைப் பட்டு நாடா கட்டிக்கொண்டு ஜெபாலயத்தில் கொட்டடித்து ஆடினார்கள்.

இதைச் சொல்பவர் க்ளூக்கெல். அப்போது இருபது வயதுப் பெண், ஹாம்பர்க்கில் குடித்தனம். பிற்காலத்தில், கணவர் இறந்த பிறகு, தூக்கம் வராத இரவுகளில் பிள்ளைகளுக்காகத் தன் கதையை இத்திஷ் மொழியில் எழுதினார். அவருடைய மாமனார் செய்தியைக் கேட்டதும் ஹாமெல்னில் வீடு, நிலம், தட்டுமுட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஹில்டெஸ்ஹைமுக்குக் குடிபோனார். அங்கிருந்து மருமகளின் வீட்டுக்கு இரண்டு பெரிய பீப்பாய்களை அனுப்பினார். உள்ளே லினன் துணிமணி, பட்டாணி, மொச்சை, உப்புக்கண்டம், உலர்த்தி நறுக்கிய பிளம்ஸ். கெடாமல் இருக்கிற தின்பண்டம் எல்லாம். ஹாம்பர்க்கில் கப்பல் ஏறினால் நேரே புண்ணிய பூமி, வழியில் பசிக்கக் கூடாதல்லவா?

ஒரு வருஷத்துக்கு மேல் பீப்பாய்கள் அந்த வீட்டில் கிடந்தன. அப்புறம் கிழவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது: பீப்பாயைத் திற, சாப்பாட்டுச் சாமானை வெளியே எடுத்துவிடு, இல்லாவிட்டால் கறி கெட்டுத் துணி பாழாகிவிடும்.

இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறேன். மெசியா வரமாட்டார் என்று அவர் எழுதவில்லை. பீப்பாயைத் திருப்பி அனுப்பு என்றும் எழுதவில்லை. பட்டாணியை எடு, துணி இருக்கட்டும், அவ்வளவுதான். அதற்குப் பிறகும் பீப்பாய்கள் நின்றன, மொத்தம் மூன்று வருஷம். ஆனால் 1666 செப்டம்பர் 16 அன்றே துருக்கியின் எதிர்னேயில் ஒட்டோமான் சுல்தான் நான்காம் மெஹ்மதின் முன்னால், உயிரா மதமா என்ற கேள்விக்கு சபத்தாய் ஸ்வி தலைப்பாகையை வைத்துக்கொண்டு இஸ்லாத்துக்கு மாறிவிட்டார். அஜீஸ் மெஹ்மத் எஃபெந்தி என்று புதுப் பேரும், அரண்மனை வாயிற்காவலர் பட்டமும், சம்பளமும் வாங்கிக்கொண்டார். ஆக, மெசியாவே மதம் மாறிப் போன பிறகும் கிழவரின் துணிமணி ஹாம்பர்க்கில் பயணத்துக்குத் தயாராக இருந்திருக்கிறது.

அவரை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மருமகளும் சொல்லவில்லை. பிரசவ வலி கண்டு, இதோ பிள்ளை, இதோ பிள்ளை என்று எல்லாரும் காத்திருக்க, கடைசியில் வெறும் காற்றுப் பிரிந்த மாதிரி ஆயிற்று எங்கள் நிலைமை என்று எழுதுகிறார். இதைவிடக் கச்சிதமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

நாத்தான் என்ன செய்தார் என்கிறீர்களா? அதற்கும் விளக்கம் வைத்திருந்தார். தெய்வ ஒளியின் பொறிகள் தீமை என்ற உமிக்குள் சிக்கிக் கிடக்கின்றன, அவற்றை மீட்க மெசியா உமிக்குள்ளேயே இறங்கவேண்டும், அதனால்தான் மதம் மாறினார். இதை நம்பி சலோனிகாவில் 1683இல் நூற்றுக்கணக்கான குடும்பங்கள், மெசியா போன வழியிலேயே முஸ்லிம்களாக மாறின. வெளியே முஸ்லிம், வீட்டுக்குள் சபத்தாயின் பக்தர்கள். தொன்மே என்று பேர். இருநூறு வருஷத்துக்கு மேல் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து, பெண் எடுத்து வாழ்ந்தார்கள்.

உங்கள் பெரியப்பாவுக்கு நெருக்கமான உறவுக்காரர் வில்லியம் மில்லர்தான். அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து விவசாயி, 1812 போரில் கேப்டன், பாப்டிஸ்ட் சபைக்காரர். அவரும் நோட்டுப் போட்டவர். தானியேல் எட்டாம் அதிகாரத்தில், 2300 இராப்பகல் கழித்துப் பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் என்று வருகிறதல்லவா? அந்தச் சுத்திகரிப்புதான் இயேசுவின் வருகை என்று எடுத்துக்கொண்டார். ஒரு நாளை ஒரு வருஷம் என்று வைத்துக்கொண்டார். எருசலேமைத் திரும்பக் கட்ட பெர்சிய ராஜா கட்டளை கொடுத்தது கி.மு. 457. 2300இல் 457 போனால் 1843. அந்த வருஷம் போயிற்று. கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் பூஜ்யம் என்று ஒரு வருஷம் கிடையாது, ஆகவே 1844 என்றார்கள். கணக்காக மட்டும் பார்த்தால் அந்தத் திருத்தம் சரிதான்! பெரியப்பாவின் மூன்றரை வருஷத்தைப் பார்த்து இனிமேல் சிரிக்காதீர்கள், பெரிய பரம்பரை அது. பிறகு சாமுவேல் ஸ்னோ என்பவர் பழைய யூதப் பஞ்சாங்கத்தைப் பார்த்து 1844 அக்டோபர் 22 என்று நாளையே குறித்தார். மில்லர் தயங்கித் தயங்கி, கடைசி நேரத்தில்தான் அதை ஒப்புக்கொண்டார்.

அன்று ராத்திரி வெள்ளை அங்கி போட்டுக் கூரைமேல் ஏறி நின்றார்கள் என்று பத்திரிகைகள் கேலி செய்தன. அதற்கு ஆதாரம் இல்லை. பெரும்பாலும் வீட்டிலும் கூடங்களிலும் உட்கார்ந்து ஜெபித்தார்கள், விடிந்ததும் அழுதார்கள். ஹைரம் எட்சன் என்ற விவசாயி விடியும்வரை அழுதுவிட்டு, கொட்டகையில் ஜெபித்துவிட்டு, அக்கம்பக்கத்தாரைத் தேற்றச் சோளக்காட்டு வழியாக நடந்தபோது ஒன்று தோன்றியது என்கிறார்: தேதி சரி, இடம்தான் வேறு. சுத்திகரிப்பு நடந்தது பூமியில் அல்ல, பரலோகத்து ஆசரிப்புக் கூடாரத்தில். இந்தச் சோளக்காட்டில் இருந்துதான் ஏழாம் நாள் அட்வெண்டிஸ்ட் சபையின் அடிப்படைப் போதனைகளில் ஒன்று வந்தது. 1863இல் சபை அமைந்தபோது சுமார் 3500 பேர். இன்று 2 கோடிக்கும் மேல். உங்கள் மாவட்டத்திலேயே நாசரேத் பக்கம் பிரகாசபுரத்தில் சனிக்கிழமை கூடும் சபை அவர்களுடையது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று உலகம் இன்னும் ரொம்ப நாள் இருக்கப்போவதுபோலக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நாள் குறிப்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். (கார்ன்ஃப்ளேக்ஸ்கூட அவர்கள் நடத்திய சுகாதார விடுதியில் பிறந்த சாப்பாடுதான்.)

அவர்கள் நடுவே சொல்லப்படும் இன்னொரு கதை. நியூ ஹாம்ப்ஷையரில் லியனார்ட் ஹேஸ்டிங்ஸ் என்பவர், ஆண்டவர் வரப்போகிறார், உருளைக்கிழங்கை எதற்குத் தோண்ட என்று வயலிலேயே விட்டுவிட்டார். அந்த வருஷம் சீக்கிரம் தோண்டியவர்களின் கிழங்கு எல்லாம் நோய் வந்து அழுகிற்று. இவர் நவம்பரில் தோண்டினார், ஒன்றும் கெடவில்லை. நல்ல விலைக்குப் போயிற்று. தீர்க்கதரிசனம் பொய்த்தது, கிழங்கு பொய்க்கவில்லை. இப்படி ஒரு வருஷம் கிடைத்துவிட்டால் நானே நம்ப ஆரம்பித்துவிடுவேன்.

கல்கி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கலியுகம் 4,32,000 வருஷம்; தொடங்கியது கி.மு. 3102. இன்னும் நாலே கால் லட்சம் வருஷத்துக்கு மேல் பாக்கி. இந்தக் கணக்கோடு யாரும் வரன் பார்ப்பதை நிறுத்த முடியாது. ஆனால் கணக்கைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, கலி முடிகிறது, தர்மயுகம் வருகிறது என்று சொன்னவர் உங்களுக்குப் பக்கத்திலேயே உண்டு. அய்யா வைகுண்டர் 1833இல் திருச்செந்தூர்க் கடலில் இருந்து எழுந்து வந்ததாக அவருடைய வழியினரின் வேதமான அகிலத்திரட்டு சொல்கிறது. அங்கே கலி என்பது வானத்தில் இருக்கும் பூதம் அல்ல. வரி போடுகிற, தோள்சேலை போடக்கூடாது என்கிற திருவிதாங்கூர் அரசைத்தான் அது கலிநீசன் என்கிறது. அவருடைய தலைப்பதி இருக்கும் சாமித்தோப்பில் ஆண்கள் இன்றும் தலைப்பாகை கட்டித்தான் கும்பிடுகிறார்கள். தலையில் துண்டு கட்ட உரிமை இல்லாதிருந்தவர்கள், யுகம் மாறட்டும் என்று காத்திருக்காமல் முதலில் அதைக் கட்டிவிட்டார்கள். இதை மில்லரோடு ஒரே மூட்டையில் போட எனக்கு இஷ்டமில்லை.

சரி, பெரியப்பா. "அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்" என்ற மத்தேயு வசனத்தை அவரிடம் காட்டலாம் என்று நினைத்திருப்பீர்கள். வேண்டாம். "நாளும் நாழிகையும்தான் தெரியாது, வருஷம் தெரியலாமே" என்பார். அந்தப் பதில் தேதி குறிக்கிற எல்லாரிடமும் தயாராக இருக்கும். நோட்டோடு மல்லுக்கட்டி நீங்கள் ஜெயிக்க முடியாது. அவர் கணக்கில் புலி என்று நீங்களே சொல்கிறீர்கள்.

அவரிடம் இருப்பதும் இரண்டு பீப்பாய்தான். ஒரு கை டிக் போடுகிறது, இன்னொரு கை ஆறேழு வருஷம் கழித்துக் காய்க்கிற பிள்ளையை நடுகிறது. இதை வேடிக்கை என்றீர்கள். எனக்கு அது அவருடைய புத்தி சரியாக இருப்பதன் அடையாளமாகப் படுகிறது. காத்திருக்கிற மனிதர்கள் எல்லாரும் இப்படித்தான் காத்திருக்கிறார்கள்; யாரும் முழு வீட்டையும் பீப்பாயில் அடைப்பதில்லை. அவர் தன் காலத்தை, தன் ஓய்வூதியத்தை, தன் ராத்திரித் தூக்கத்தை அதில் போட்டால் போடட்டும், அது அவருடையது. ஆனால் ஹாமெல்ன் கிழவர் போட்டது தன் வீட்டுப் பட்டாணியை. உங்கள் பெரியப்பா அக்காவையும் சேர்த்து உள்ளே வைத்து மூடியிருக்கிறார். எனக்குக் கோபம் வருவது அந்த ஒரு இடத்தில்தான்.

அதனால் வருகையைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். கிழவருக்கு எழுதத் தெரிந்த அந்த ஒரு வரியை உங்கள் பெரியப்பாவும் எழுதுவார் என்றே நினைக்கிறேன், துணி இருக்கட்டும், கெடுகிறதை வெளியே எடு என்று. யாராவது பக்குவமாகக் கேட்க வேண்டும். அதற்குச் சரியான ஆள் நீங்கள் அல்ல, பெரியம்மா. அவருக்கும் முன்னால் அக்கா. உங்கள் கடிதத்தில் பெரியப்பா பேசுகிறார், ஊழியக்காரர் பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள். கல்யாணம் வேண்டுமா வேண்டாமா என்று அவள் என்ன சொல்கிறாள் என்பது ஒரு வரிகூட இல்லை. கேட்டுவிட்டு எழுதுங்கள்.

தென்னம்பிள்ளைக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்பதையும்.