சம்படத்துக்குள் மழை: கிறிஸ்துமஸ் தேங்காய் பிஸ்கட் கேள்வி பதில்

முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் அம்மாவுக்கு, பிஸ்கட் எனக்கு என்று எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் வேலையைப் பங்கு பிரித்து 22 வருஷம் ஆகிறது. டிசம்பர் பிறந்ததும் ஆளாளுக்கு வந்து கேட்கிறார்கள். இந்த வாரம் கேட்டவர்களுக்கெல்லாம் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

சுரண்டையிலிருந்து: அக்கா, தேங்காய்ப்பூவை அப்படியே மாவில் போட்டுச் சுட்டேன். மேலே சிவந்துவிட்டது, உள்ளே பன் மாதிரி மெத்தென்று இருக்கிறது. எங்கே தப்பு?

தேங்காயில் இருக்கும் தண்ணீர்தான் தங்கச்சி. பச்சைத் தேங்காயின் எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். அது ஆவியாகி வெளியே வருவதற்குள் மேலே இருக்கும் சீனி சிவந்துவிடுகிறது. நீங்களும் வெந்துவிட்டது என்று எடுத்துவிடுகிறீர்கள். உள்ளே புட்டு அவிந்த கதைதான்.

நன்றாக முற்றிய காயாக எடுங்கள். ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். துருவும்போது ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோல் வராமல் வெள்ளையை மட்டும் எடுங்கள். வாணலியில் எண்ணெய் விடாமல் இளந்தீயில் வறுக்க வேண்டும். முதல் ஐந்து நிமிஷம் பூ ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கரண்டிக்கு ஈரமணல் மாதிரி கனக்கும். ஆவி அடிக்கும். அப்புறம் ஆவி குறைந்து கரண்டி லேசாகும். சத்தமும் மாறும்: சரசரவென்று சருகைக் கிளறுவது போல. அங்கேயே அடுப்பை அணைத்துவிடுங்கள். நிறம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம், ஓவனில் இன்னொரு முறை சிவக்கப் போகிறது. 100 கிராம் பூ 55, 60 கிராமாகச் சுருங்கியிருந்தால் சரி.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். வறுத்ததைச் சூட்டோடு மூடி வைத்தால் போன தண்ணீர் மூடியில் வியர்த்துத் திரும்ப உள்ளேயே சொட்டும். தாம்பாளத்தில் பரப்பி ஆற விடுங்கள். கடையில் விற்கும் உலர் தேங்காய்த் தூளுக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. ஆனால் மணம் பாதிதான்.

மேலப்பாளையத்திலிருந்து: அளவு சொல்லுங்களேன் அக்கா. டம்ளர் கணக்கு வேண்டாம், கிராமில்.

மைதா 150, உப்பில்லாத வெண்ணெய் 100, பொடித்த சீனி 80, வறுத்த தேங்காய்ப்பூ 60. கால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, மூன்று ஏலக்காய். ஒன்றுக்கு 15 கிராம் வீதம் உருட்டினால் 25 பிஸ்கட் தேறும்.

வெண்ணெயையும் சீனியையும் வெளுக்கும்வரை அடித்து, தேங்காயைப் போட்டு, மைதாவைச் சலித்துச் சேருங்கள். சப்பாத்தி மாவு மாதிரி பிசைய வேண்டாம். பிசையப் பிசைய மைதா இழுவை கொடுக்கும், பிஸ்கட் கடிக்க மாட்டாமல் போகும். விரல் நுனியால் சேர்த்துப் பிடித்தால் போதும். உதிர்ந்தால் ஒரு டீஸ்பூன் பால், அதற்கு மேல் கூடாது. 170 டிகிரியில் 14 முதல் 16 நிமிஷம். எடுக்கும்போது அமுங்கும், பயப்படாதீர்கள். ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். அமுங்குகிறதே என்று திரும்ப உள்ளே தள்ளிக் கருக்கியவர்களில் நானும் ஒருத்தி.

வள்ளியூரிலிருந்து: எனக்கு வட்டமாக நிற்கவே மாட்டேன் என்கிறது. அப்பளம் மாதிரி பரந்துவிடுகிறது.

வெண்ணெய் உருகிவிட்டது, அவ்வளவுதான். வெண்ணெய் 32, 35 டிகிரியிலேயே உருகிவிடும். நம் அடுப்படிச் சூடு மத்தியானத்தில் அதைத் தொட்டுவிடும். உருட்டிய உருண்டைகளைத் தட்டோடு ஃப்ரிட்ஜில் 20 நிமிஷம் வைத்துவிட்டுச் சுடுங்கள். ஒரு தட்டு முடிந்ததும் அதே சூட்டுத் தட்டில் அடுத்த ஈட்டை வைக்காதீர்கள்.

வீரவநல்லூரிலிருந்து: ஓவன் கிடையாது அக்கா. குக்கரில் வருமா?

வரும். ஆனால் குக்கரை விட அடி கனமான பழைய அலுமினியச் சட்டியும் அதற்குப் பொருத்தமான மூடியும் நல்லது. அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடி, பத்து நிமிஷம் மிதமான தீயில் காய விடுங்கள். பிறகு பிஸ்கட் தட்டை இறக்கி, தீயைக் குறைத்து, 20 முதல் 25 நிமிஷம். குக்கர்தான் இருக்கிறது என்றால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கண்டிப்பாகக் கழற்றிவிடுங்கள். சூடு கீழேயிருந்து மட்டும் வருவதால் மேல்பக்கம் வெளுத்தே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் அடி கருகிவிடும். 18வது நிமிஷத்தில் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழைதான். எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, பிசைந்த மாவு ஃப்ரிட்ஜில் இளகிக்கொண்டிருந்தது. அன்றைக்கு இந்த உப்புச் சட்டியில்தான் நான்கு ஈடு சுட்டு, மாடி வீட்டில் வந்து தங்கியிருந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். எல்லாம் ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் சிவப்பு. ஒரு பிள்ளைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து: சுட்ட அன்றைக்கு நன்றாக இருக்கிறது. 24ஆம் தேதி சம்படத்தைத் திறந்தால் நமத்துப்போய்க் கிடக்கிறது.

கிறிஸ்துமஸுக்குப் பனி விழுகிற ஊர்க்காரர்கள் எழுதிய குறிப்பில் இதற்குப் பதில் இருக்காது. நமக்கு அது வடகிழக்குப் பருவமழையின் கடைசிக் காலம். காற்றே ஈரம். பிஸ்கட்டில் இருக்கும் சீனி அந்த ஈரத்தை இழுத்துக்கொள்கிறது.

சுட்டதைக் கம்பித் தட்டில் ஒரு மணி நேரம் ஆற விடுங்கள். ஆறியதும் உடனே எடுத்து வையுங்கள். ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்தால் காலையில் நமத்திருக்கும். பெரிய சம்படம் ஒன்றுக்குப் பதில் சின்னதாக நாலு. பிள்ளைகள் திறந்து மூடுவது ஒன்றோடு போகும். அடியில் ஒரு கைப்பிடி பச்சரிசியை வறுத்து ஆற்றித் துணியில் முடிந்து போடலாம். நமத்ததையும் தூக்கிப் போட வேண்டாம்: 150 டிகிரியில் ஐந்து நிமிஷம் காட்டி ஆற விட்டால் திரும்ப மொறுமொறுப்பாகிவிடும்.

சாத்தான்குளத்திலிருந்து: தூத்துக்குடி மக்ரூனில் முந்திரிக்குப் பதில் தேங்காய் போடலாமா?

போடலாம், ஆனால் அதற்குத் தூத்துக்குடிப் பேரைச் சொல்லாதீர்கள், சண்டைக்கு வருவார்கள்! ஐரோப்பாவில் பாதாம் போட்டுச் செய்த பண்டத்துக்கு நம் கடற்கரையில் முந்திரி கிடைத்தது. அந்த முந்திரி மரமே போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்ததுதான்.

தேங்காய்க்கு: இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு, 100 கிராம் பொடித்த சீனி, 120 கிராம் உலர் தேங்காய்த் தூள். இதற்கு மட்டும் கடைத் தூள்தான் என் கட்சி. பாத்திரத்தில் ஒரு சொட்டு எண்ணெயோ மஞ்சள் கருவோ இருந்தால் நுரை எழும்பாது. கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு அடித்து, தேங்காயை அமுக்காமல் கலந்து, சின்னச் சின்னக் கூம்பாக வைத்து, 140 டிகிரியில் 25, 30 நிமிஷம். சுடுவதைவிட உலர்த்துவதுதான் இதில் வேலை. அடைமழை நாளில் இதைத் தொடாதீர்கள். பிசுபிசுத்துப் போகும்.

களக்காட்டிலிருந்து: பக்கத்து வீட்டு அண்ணன் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறார். தட்டு கொடுத்தனுப்பலாமா?

மேலே சொன்ன 150 மைதாக் கணக்கில் முட்டையே கிடையாது, பாருங்கள். மக்ரூன் சுட்ட தட்டை மட்டும் இதற்கு எடுக்க வேண்டாம். முதல் ஈடாகச் சுட்டுத் தனிச் சம்படத்தில் வைத்துவிடுங்கள். சிலர் விரத நாளில் வெளிப்பண்டம் தொட மாட்டார்கள், அதனால் மதினியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள். எங்கள் தெருவில் மலைக்குப் போய் வந்த பிறகு உரிமையோடு கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

திசையன்விளையிலிருந்து: சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால்?

மணம் தூக்கும், மொறுமொறுப்பு போகும். கருப்பட்டியில் ஈரம் உண்டு. அதைப் பாகு காய்ச்சி மண் வடிகட்டிச் சேர்த்தால் இன்னும் ஈரம். மெத்தென்ற பிஸ்கட் பிடிக்கும் என்றால் செய்யுங்கள், நாலு நாளில் தின்று தீர்த்துவிடுங்கள். மொறுமொறுப்பும் வேண்டும், பனை வாசமும் வேண்டும் என்றால் பனங்கற்கண்டை மாவாகப் பொடித்துச் சலித்துப் போடுங்கள். நான் பாதி சீனி, பாதி பனங்கற்கண்டு போடுவேன். கொஞ்சம் சுக்குத்தூளும்.

தென்காசியிலிருந்து: வெண்ணெய் விலைக்கு டால்டா போடலாமா? தேங்காய் எண்ணெய்?

டால்டா அதிகச் சூட்டில்தான் உருகும், அதனால் பிஸ்கட் பரவாது. பேக்கரிகளில் அதை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். 2022 ஜனவரியிலிருந்து டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் வாயின் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டுவது எனக்கு ஆகாது. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகுவதால் நம் ஊரில் பெரும்பாலும் எண்ணெயாகத்தான் நிற்கும், சீனியோடு அடித்தால் வெளுக்காது. வெண்ணெயில் கால் பங்குக்கு மட்டும் மாற்றிப் பாருங்கள்.

சென்னையில் இருக்கும் ஒரு தம்பி: அம்மா செய்து வைத்திருக்கிறார்கள், பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறேன். எத்தனை நாள் தாங்கும்?

வறுத்த தேங்காய் என்றால் பத்து நாள், உலர் தூள் என்றால் மூன்று வாரம். அதற்கு மேல் சிக்கு வாடை தட்டும். நிற்க வைக்காமல் படுக்க அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே பட்டர் பேப்பர் போட்டு, மேலே இடம் இருந்தால் கசக்கிய பேப்பரால் அடைக்கச் சொல்லுங்கள். குலுங்கினால்தான் உடையும். அப்புறம் தம்பி, எப்படியும் கூட அரைக் கிலோ அல்வா வரும். அதை அதே பெட்டிக்குள் வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். கிளாம்பாக்கம் வருவதற்குள் அல்வாவின் ஈரமெல்லாம் பிஸ்கட்டுக்குப் போயிருக்கும்.