கடலுக்கு அடியில அப்பாவுக்கு மருந்து இருக்கா?

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு சுகர், கால்ல புண்ணு ஆறவே மாட்டேங்குது. கல்ச்சர் ரிப்போர்ட்ல எம்.ஆர்.எஸ்.ஏ.ன்னு வந்திருக்கு, பாதி மருந்துக்கு நேரா 'ஆர்'னு போட்டிருக்கு. ஆழ்கடல் பாக்டீரியால இருந்து புது ஆன்டிபயாடிக் எடுக்கறாங்களாமே, அது எப்ப நமக்கு கிடைக்கும்? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: முதல்ல அப்பா விஷயம்மா. எம்.ஆர்.எஸ்.ஏ.ங்கறது வழக்கமான பல ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஒரு பாக்டீரியா. 'ஆர்'னா கேக்காது, 'எஸ்'னா கேக்கும், எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு வான்கோமைசின், லினிசோலிட் மாதிரி மருந்து பெரும்பாலும் இன்னும் கேக்குது, அதனால இப்பவே மனசு விட்டுடாதீங்க.

நீங்க படிச்சது நிஜம்தான். ஜப்பான் கடல்ல 289 மீட்டர் ஆழத்து சேத்துல இருந்த ஒரு பாக்டீரியால இருந்து அபிஸ்ஸோமைசின்னு ஒரு பொருளை பிரிச்சு 2004ல வெளியிட்டாங்க, அது எம்.ஆர்.எஸ்.ஏ.வையும் தடுக்குது. எனக்கு ரொம்ப பிடிச்சது அது வேலை செய்யற விதம். நமக்கு ஃபோலிக் ஆசிட் கீரை, பருப்புல இருந்து வந்துடுது, ஆனா இந்த கிருமி தனக்கு வேணுங்கறத தானே சமைச்சுக்கணும், அந்த சமையல்ல பாபாங்கற ஒரு பொருள் தயாராகற இடத்துலயே இது அடுப்ப அணைச்சுடுது. நம்ம உடம்புல அந்த அடுப்பே கிடையாது. பழைய சல்ஃபா மருந்தும் அதே சமையல்லதான் கை வைக்குது, ஆனா அதுக்கு அடுத்த படியில.

ஆனா 20 வருஷம் தாண்டியும் அது மாத்திரையா வரல. லேப் தட்டுல வளர்ற கிருமிய அடக்கறது வேற, உடம்புக்குள்ள போயி ஈரல், கிட்னியெல்லாம் கெடுக்காம புண்ணு வரைக்கும் போய்ச் சேர்றது வேற. அதோட, பிரஷர் மாத்திரைன்னா வாழ்நாள் முழுக்க விக்கும், ஆன்டிபயாடிக் ஒரு வாரம், பத்து நாள்தான், அதனால பெரிய கம்பெனிங்க பல பேர் இதுல பணம் போடறதையே விட்டுட்டாங்க, இது எனக்கு நிஜமாவே கோவம் வர்ற விஷயம்.

கடல் ஏற்கெனவே கொடுத்திருக்கு. 1945ல இத்தாலியில சார்டினியா தீவுல, சாக்கடை கடல்ல கலக்கற இடத்துல ப்ரோட்ஸுங்கறவர் ஒரு பூஞ்சைய எடுத்தாரு, இன்னிக்கு ஆஸ்பத்திரியில போடற செஃப்ட்ரியாக்சோன் ஊசியோட வம்சமே அதுலருந்து வந்ததுதான். அந்த வம்சத்துல முதல் மருந்து விக்க வந்தது 1964ல. 'எப்ப'ன்னு கேட்டீங்கல்ல, ஒரு மருந்துக்கு இவ்வளவு காலம் ஆகும்மா, அப்பா புண்ணு அதுவரைக்கும் காத்திருக்காது.

அந்த ரிப்போர்ட்ட ஃபைல்லயே வைங்க, போன்லயும் ஒரு போட்டோ எடுத்துக்கங்க, எந்த டாக்டர் கிட்ட போனாலும் முதல்ல அதை நீட்டுங்க.