மூட்டுவாதக் குளிசையும் நம்ம தோலும்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம். நான் 22 வருஷம் ஆஸ்பத்திரில நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ, இலங்கை மலையகத்துல அட்டன் பக்கம்தான் வீடு. எனக்கே 14 வருஷமா ருமட்டொய்ட் ஆத்ரைட்டிஸ்ங்கிற மூட்டுவாதம் இருக்கு, அதனால வெளிய நின்னு பேசுற பேச்சு இல்ல இது. ஆனா நான் டொக்டர் இல்ல, அதையும் மனசுல வச்சுக்கங்க. மூட்டு வலிக்கு மருந்து எடுக்குறவங்க தோலப் பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்கன்னு போன கெழம சொன்னேன், கேள்வி மழையா கொட்டிருச்சு. ஒரே மாதிரி இருந்ததெல்லாம் சேத்துட்டேன், கேட்டவங்களோட ஊர் பேரத்தான் முன்னால போட்டிருக்கேன்.

மஸ்கெலியா: மிஸ், அம்மாவுக்கு 61 வயசு, தேயிலைக் கொழுந்து எடுத்தவங்க. நாலு வருஷமா ப்ரெட்னிசலோன் குடிக்கிறாங்க. தொட்டாலே கையில ஊதா கலர்ல ரத்தம் கட்டுது, போன கெழம கதவுல லேசா உரசுனதுக்கே தோல் உரிஞ்சு வந்துருச்சு. குளிசைய நிப்பாட்டிரலாமா?

நிப்பாட்டவே கூடாதும்மா, மொதல்ல அத சொல்லிடுறேன். ப்ரெட்னிசலோன் ஒரு ஸ்டீரொய்ட் மருந்து, அத ரொம்ப நாள் குடிச்சா ஒடம்பு தானா சொரக்குற ஸ்டீரொய்ட கொறச்சுக்கும், நீங்க திடீர்னு விட்டா தலைசுத்தல், வாந்தி, பிரஷர் எறங்கி மயங்கி விழுறதுன்னு ஆபத்தாப் போயிரும். அளவ கொறைக்க ஏலுமான்னு கிளினிக்ல கேளுங்க, கொறைக்கிறதா இருந்தா அவங்களே கொஞ்சங் கொஞ்சமா கொறைப்பாங்க.

தோல் ஏன் இப்பிடி ஆகுதுன்னா, தோலுக்கு கெட்டி குடுக்குற நாரு மாதிரி ஒண்ணு இருக்கு, ஸ்டீரொய்ட் அத கொறச்சு தோல சல்லாத்துணி மாதிரி மெல்லிசாக்கிருது. உள்ள ஓடுற சின்ன ரத்தக் கொழாய்க்கு தாங்கு இல்லாம போயி லேசா இடிச்சாலும் ஒடஞ்சிரும். அதனால நீட்டுக் கை சட்டை போட்டு விடுங்க, பழைய காலுறையோட பாதப் பக்கத்த வெட்டி எறிஞ்சிட்டு மீதிய கையில மாட்டி விட்டாலும் போதும். தோல் உரிஞ்சா சுத்தமான தண்ணில கழுவி, உரிஞ்ச தோல பிச்சு போட்டுறாம மெதுவா பழைய எடத்துலயே படுக்க வச்சு, ஒட்டாத கோஸ் துணி வச்சு மேல பேண்டேஜ் சுத்துங்க. பிளாஸ்டர நேரா தோல்ல ஒட்டாதீங்க, கழட்டும்போது இன்னொரு துண்டும் சேந்து வரும். கோப்பித்தூள் அப்புறது நம்ம லயத்துல பரம்பரைப் பழக்கம், எங்க அப்பாயி கூட அதான் செய்யும், ஆனா இந்தத் தோலுக்கு வேணாம். ஸ்டீரொய்ட் குடிக்கிறவங்களுக்கு புண் ஆறவும் நாளாகும், கிருமி ஏறுனாலும் வெளிய சட்டுனு காட்டாது, அதனால ரெண்டு மூணு நாள்ல ஆறுற மாதிரி தெரியலன்னா காட்டிருங்க.

நானுஓயா: எங்க ஊரு குளிருக்கு சன்கிரீம் எதுக்கு அக்கா? வெயிலே இல்லியே.

இத தான் எல்லாரும் கேக்குறீங்க! குளிர் வேற, வெயில்ல வர்ற யூவீ கதிர் வேற தம்பி. நுவரெலியா டவுன் கடல் மட்டத்துல இருந்து சுமார் 1868 மீட்டர் ஒசரத்துல இருக்கு, 1000 மீட்டர் ஏறுனா யூவீ ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு கூடும், மப்பா இருந்தாலும் நெறைய கீழ எறங்கும். சூடு தெரியாததால நம்ம நாள் பூரா நிக்கிறோம், அதான் வெனையே. இதுல மூட்டுவாதத்துக்கு குடுக்குற மெத்தோட்ரெக்சேட், சல்பசலசீன், ஹைட்ரொக்சிக்குளோரோகுயின், சில வலிக் குளிசை எல்லாம் ஒரு சிலருக்கு தோல வெயில் தாங்காததா ஆக்கிரும். எஸ்பிஎஃப் (வெயில தடுக்குற அளவு) 30க்கு மேல உள்ள சன்கிரீம வாங்கி மொகம், கழுத்து, பொறங்கைல நல்லா பூசுங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திரும்ப பூசணும். மலையில கொழுந்து எடுக்குற அக்காமாருக்கு இது நடக்குற காரியம் இல்லன்னு எனக்கும் தெரியும், ஒரு டியூப் விலைக்கு ஒரு நாள் சம்பளமே போயிரும். அவங்களுக்கு நீட்டுக் கை சட்டையும் நெத்தி மறையிற மாதிரி தலைத்துண்டும் தான் சன்கிரீம், காசு இருந்தா மொகத்துக்கு மட்டும் பூசுங்க.

தலவாக்கலை: கெழமைக்கு ஒருக்கா எடுக்குற மஞ்சக் குளிசை எடுத்த ரெண்டாம் நாள் வாய் பூரா புண்ணு, முடியும் கொட்டுது.

அது மெத்தோட்ரெக்சேட்டா இருக்கும், ஆனா கலர வச்சு நம்பாதீங்க, கம்பெனிக்கு கம்பெனி மாறும், பேர கிளினிக் கொப்பில பாத்துக்கங்க. கூடவே ஃபோலிக் அசிட் தந்திருப்பாங்களே, அத ஒழுங்கா எடுக்குறீங்களா? நெறைய பேர் அது சும்மா விட்டமின்தானேன்னு விட்டுர்றாங்க, அப்புறம் வாய்ப்புண்ணு. ஒழுங்கா எடுத்தும் வருதுன்னா டொக்டர்கிட்ட சொல்லுங்க, அளவ மாத்துவாங்க. உப்புத் தண்ணில கொப்பளிங்க, வெத்தல சுண்ணாம்பு கொஞ்ச நாளைக்கு வேணாம். முடி பொதுவா மெலிஞ்சு கொட்டும், மொட்டையாகுறது அபூர்வம், அளவு மாறுனா திரும்ப வளரும்.

ஆனா ஒண்ணு. வாய்ப்புண்ணோட காய்ச்சல், ஒடம்புல சும்மா சும்மா ரத்தப் பொட்டு, மூச்சு வாங்குறது, இதுல எது இருந்தாலும் அடுத்த குளிசைய போடாம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போங்க, ரத்த அணு கொறஞ்சிருக்கலாம். கெழமைக்கு ஒருக்கா எடுக்க வேண்டியத தெரியாம தெனம் போட்டு சீரியஸா வந்தவங்கள நான் வார்டுல பாத்திருக்கேன். எழுத்து தெரியாத பெரியவங்க வீட்டுல இருந்தா கலண்டர்ல குளிசை எடுக்குற நாள சிவப்பு பேனாவால சுத்தி விடுங்க, வேற ஒருத்தர் கையால எடுத்துக் குடுங்க. இன்னொண்ணு, தோல்ல கட்டி, புண்ணுன்னு வேற டொக்டர்கிட்ட போனா மெத்தோட்ரெக்சேட் எடுக்குறத சொல்லாம மருந்து வாங்காதீங்க. கோ-ட்ரைமொக்சசோல்னு ஒரு அன்டிபயோட்டிக் இருக்கு, ரெண்டும் சேந்தா ரத்தத்தையே பாதிக்கும்.

பண்டாரவளை: மொழங்கால்ல இருந்து கீழ நீலமும் கறுப்புமா திட்டு. வெள்ளையாகுற கிரீம் ஒண்ணு கடையில தந்தாங்க, பூசலாமா?

ஹைட்ரொக்சிக்குளோரோகுயின் எடுக்குறீங்களா? அதுக்கு மொழங்காலுக்குக் கீழ முன்பக்கத்துலயும் மொகத்துலயும் நீலக் கறுப்பு திட்டு வரலாம், பெரும்பாலும் ஆபத்து இல்ல, ஆனா கிளினிக்ல காட்டி பதிய வைங்க. அந்தக் குளிசைக்கு கண் செக்கப்பும் இருக்கு, ஆரம்பத்துல ஒருக்கா, அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் வருஷா வருஷம், அத விட்டுறாதீங்க.

கிரீம தூக்கி எறிஞ்சிருங்க. லேபிள்ல ஒண்ணுமே ஒழுங்கா இல்லாத கிரீம்ல பாதரசமோ கடும் ஸ்டீரொய்டோ இருக்கலாம். பாதரசம் கிட்னிக்கு கெடுதி, நம்ம குடிக்கிற மெத்தோட்ரெக்சேட் வெளிய போறதே கிட்னி வழியாத்தான், அது பழுதானா மருந்து ஒடம்புலயே தங்கிரும். ஸ்டீரொய்ட் கிரீமோ ஏற்கனவே மெல்லிசான தோல இன்னும் மெல்லிசாக்கும். கறுப்பா இருந்தா என்ன புள்ள, நடக்க முடியுதா அத பாருங்க. (கோவப்படாதீங்க, எனக்கும் கன்னத்துல இருக்கு அந்தத் திட்டு.)

பொகவந்தலாவை: ராத்திரில அடுப்படியில காலை நீட்டி உக்காந்தாதான் மொழங்கால் வலி கொறையுது. இப்ப கெணுக்கால்ல வலை மாதிரி பழுப்புக் கோடு விழுந்திருக்கு. ரத்தம் கெட்டுப்போச்சுன்னு வைத்தியர் சொல்றாரு.

ரத்தம் ஒண்ணும் கெடல. நெருப்ப பக்கத்துல வச்சு நாளுக்கணக்கா காஞ்சா தோல்ல அப்பிடித்தான் வலை விழும், சுடுதண்ணிப் பை ஒரே எடத்துல வச்சாலும் வரும். சூட்ட நிப்பாட்டுனா மெதுவா மங்கும், வருஷக்கணக்கா விட்டா மங்காது, அந்த எடத்துல புண்ணு ஆறாம கெடந்தா கட்டாயம் காட்டணும். தள்ளி உக்காருங்க, காலுக்கு கம்பளி போத்துங்க, பைய துவாயில சுத்தி 15 நிமிஷம் மட்டும் வைங்க. இதுல இன்னொரு பயம் எனக்கு: காஞ்ச தோலுக்கு வேசலின் பூசுங்கன்னு நான்தான் எல்லாருக்கும் சொல்றேன், அது துணில ஊறிட்டா அந்தத் துணி சட்டுனு தீப்பிடிக்கும். பூசுன துணியோட அடுப்புகிட்ட போகாதீங்க, பெட்ஷீட்டையும் அடிக்கடி துவைங்க.

நுவரெலியா: விடிய காலம் பைப்புத் தண்ணில கை வச்சா வெரல் வெள்ளையாகி நீலமாகி அப்புறம் செவந்து எரியுது.

ரேனோன்னு சொல்லுவாங்க, குளிருக்கு வெரல் ரத்தக் கொழாய் சுருங்குறது. ஜனவரில புல்லு மேல பனி ஒறையிற ஊருல இது சாதாரணம்னு நெனைச்சு விட்டுறாதீங்க, மூட்டுவாதம், லூப்பஸ் (எதிர்ப்பு சக்தி நம்ம ஒடம்பையே தாக்குற நோய்) எல்லாத்தோடயும் சேந்து வரும். வெதுவெதுப்பான தண்ணி, ரப்பர் கையுறை, சிகரெட் கூடவே கூடாது. வெரல் நுனில புண்ணு, கறுப்பு விழுந்தா அன்னைக்கே போங்க.

பதுளை: அட்டை கடிச்சா ரத்தம் நிக்கவே மாட்டேங்குது.

அட்டையோட எச்சில்ல ரத்தம் ஒறையாம இருக்க மருந்து இருக்கு, அதான். நீங்க அஸ்பிரினும் குடிக்கிறதா எழுதியிருக்கீங்க, அப்ப இன்னும் ஓடும். பிச்சு இழுக்காதீங்க, நகத்த தோலோட ஒட்டி தள்ளி விடுங்க. சுண்ணாம்பு தடவுனா விழும்தான், ஆனா மெல்லிசு தோல பொத்துரும். சவுக்காரம் போட்டு கழுவி, சுத்தமான துணிய பத்து நிமிஷம் எடுக்காம அமத்திப் பிடிங்க. அரிக்கும், சொறியாதீங்க. சுத்தி செவப்பு பரவுனா, சூடா இருந்தா, காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரிக்கு.

அட்டன்: மெத்தோட்ரெக்சேட் எடுக்குற மாமியாருக்கு இடுப்புல ஒரு பக்கமா மட்டும் எரிச்சலோட கொப்புளம். அக்கி, காவி எழுதுனா சரியாயிரும்ங்கிறாங்க.

எழுதுங்க, மனசுக்கு ஆறுதல்தானே, ஆனா ஆஸ்பத்திரிக்கு போயிட்டு வந்து எழுதுங்க. சின்ன வயசுல வந்த சின்னம்மைக் கிருமி நரம்புல ஒளிஞ்சிருந்து எதிர்ப்பு சக்தி கொறையும்போது எழும்புறதுதான் அக்கி. கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள்ள மருந்து ஆரம்பிச்சா நல்லா கேக்கும், இல்லன்னா எரிச்சல் மாசக்கணக்கா நிக்கலாம். கண்ணுப் பக்கம் வந்தா ஒரு மணி நேரமும் தாமதிக்காதீங்க. அந்தக் கெழம மெத்தோட்ரெக்சேட் எடுக்குறதா வேணாமான்னு அங்கயே கேளுங்க, கொப்புளம் காயிற வரைக்கும் கர்ப்பிணிங்க, கைக்கொழந்தைங்க பக்கத்துல போக வேணாம்.

கொத்மலை: சல்பசலசீன் குடிச்சா மூத்திரம் ஒரேஞ்ச் கலரா போகுது.

பயப்படாதீங்க, மருந்தோட கலர். ஆனா புதுசா ஆரம்பிச்ச ரெண்டு மூணு மாசத்துக்குள்ள தோல்ல தடிப்பு, காய்ச்சல், வாய் கண்ணுல புண்ணுன்னு சேந்து வந்தா அத நிப்பாட்டிட்டு ஓடுங்க. ஸ்டீரொய்ட நிப்பாட்டக் கூடாதுன்னேன், இது அப்பிடி இல்ல, கொழப்பிக்காதீங்க.

மஸ்கெலியா (திரும்பவும்): மிஸ், அம்மாவுக்கு வெரல் மடங்காது, கிரீம் டியூப அமுக்க ஏலாது. நான் கொழும்புல வேல, பூசி விட வீட்டுல ஆளில்ல.

எனக்கும் அதே கதைதான், டியூப் மூடியோட சண்ட போட்டே பாதி நாள் போயிருக்கு. நீங்க லீவுல வரும்போது கிரீம வாய் அகலமான மார்ஜரின் டப்பாவுல சுத்தமான கரண்டியால மாத்தி வச்சிட்டு போங்க, மூடிய இறுக்காம. இல்லன்னா அமுக்குற பம்பு போத்தல், உள்ளங்கையாலயே அமுக்கலாம். எடுக்குறதுக்கும் கரண்டிதான், வெரல விட வேணாம். குளிச்சு மூணு நிமிஷத்துக்குள்ள, தோல் ஈரமா இருக்கும்போதே பூசணும், கொதிக்கிற சுடுதண்ணில குளிக்க விடாதீங்க, அது இருக்குற எண்ணெய்ப் பசையையும் கொண்டு போயிரும். முதுகுக்கு ஒரு அகப்பைக் காம்புல மெத்துனு துணி சுத்தி கட்டிக் குடுங்க. நான் அப்பிடித்தான் பூசுறேன், துணிய மட்டும் ரெண்டு நாளைக்கு ஒருக்கா மாத்துவேன்.