மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் பினாங்கு கெலுகோரில் வசிக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன் காலை வேலைக்கு மோட்டாரில் போகும்போது, சுங்கை நிபோங் அருகே சந்திலிருந்து வெளிவந்த ஒரு கார் என்னை இடித்துவிட்டது. வலது கையை ஊன்றி விழுந்தேன். கார் ஓட்டுநர் 500 ரிங்கிட்டைக் கையில் கொடுத்து, போலீசுக்குப் போனால் இருவருக்குமே அலைச்சல் என்றார். நானும் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். எதிலும் கையெழுத்திடவில்லை. கார் எண் மட்டும் கைப்பேசியில் படமாக இருக்கிறது. மறுநாள் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை என்று இரண்டு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) கொடுத்தார்கள். இன்றுவரை மணிக்கட்டு வலிக்கிறது. ஒரு பொருளை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. இனி ஏதாவது செய்ய முடியுமா?
— ஒரு வாசகர், கெலுகோர்

பதில்: முடியும். ஆனால் புகாரையும் காப்புறுதியையும் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் கையைப் பற்றிப் பேச வேண்டும். கையை ஊன்றி விழுபவர்களுக்குக் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுக்குள் இருக்கும் ஒரு சிறிய எலும்பு விரிசல் விடுவது உண்டு. அந்த விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம் என்பதால்தான், வலி தொடர்ந்தால் பத்து முதல் பதினான்கு நாள்களுக்குள் மறுபடியும் படம் எடுத்துப் பார்ப்பது மருத்துவர்களின் வழக்கம். கட்டைவிரலை விரித்து நீட்டும்போது அதன் அடியில் தோன்றும் குழியை மெதுவாக அழுத்திப் பாருங்கள். அங்கே வலித்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குச் சென்று, விபத்தில் கையை ஊன்றி விழுந்ததைத் தெளிவாகச் சொல்லுங்கள். அந்த எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காமல் விட்டால் அது ஒட்டாமலே போய், பிடிமானம் நிரந்தரமாகக் குறைந்துவிடலாம். கையை நம்பிப் பிழைக்கும் ஒருவருக்கு இதைவிட அவசரமான வேலை வேறு எதுவும் இல்லை.

அடுத்தது போலீஸ் புகார். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் புகார் செய்திருக்க வேண்டும். சம்பந்தப்பட்ட இருவரும் பேசி முடித்துக்கொண்டாலும் அந்தக் கடமை நீங்குவதில்லை. நீங்கள் தாமதித்ததற்கு அபராதம் விதிக்கப்படலாம். அதற்கு அஞ்சிப் புகாரே செய்யாமல் இருந்துவிடாதீர்கள். புகார் இல்லையென்றால் சட்டத்தின் பார்வையில் உங்கள் விபத்து நடக்கவே இல்லை என்பதுபோல் ஆகிவிடும். போக்குவரத்துப் போலீசாரிடம் சென்று, தாமதத்துக்கான காரணத்தையும், 500 ரிங்கிட் வாங்கியதையும், வலி இன்னும் தொடர்வதையும் மறைக்காமல் பதிவு செய்யுங்கள்.

புகாரில் என்ன எழுதப்படுகிறது என்பதில் நம்மவர்கள் பலர் போதிய அக்கறை காட்டுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். “கார் என்னை மோதிவிட்டது” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பிறகு எதிர்த்தரப்பின் விரிவான புகாரே நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது. உங்கள் நிலையில் நான் இப்படிச் சொல்வேன்: “ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷாவில் பாயான் லெப்பாஸை நோக்கி, இடது தடத்தில் சென்றுகொண்டிருந்தேன், இடப்பக்கச் சந்திலிருந்து ஒரு கார் நிற்காமல் வெளிவந்து, என் மோட்டாரின் முன்சக்கரத்தை அடுத்த இடப்பகுதியில் மோதியது, நான் வலப்பக்கமாகச் சாய்ந்து, வலது கையை ஊன்றி விழுந்தேன்.” இந்தச் சாலையும் திசையும் உங்களுக்கு நடந்தவற்றோடு பொருந்தாவிட்டால் நடந்ததையே சொல்லுங்கள்; நினைவில் இல்லாத ஒன்றை ஊகித்துச் சொல்லாதீர்கள். புகார் மலாய் மொழியில் பதிவாகும். கையெழுத்திடும் முன் முழுவதையும் படித்துப் பாருங்கள். படிக்கச் சிரமமாக இருந்தால் மலாய் நன்றாகத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்த உறுப்பில் அடிபட்டது என்பது விடுபட்டிருந்தால் அதைச் சேர்க்கச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நீங்கள் கேட்க மறந்த ஒன்றுதான் உங்களுக்கு மிகவும் உதவக்கூடியது. வீட்டிலிருந்து வேலை இடத்துக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தும், 1969ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேலையோடு தொடர்புடைய விபத்தே. மாதந்தோறும் உங்கள் சம்பளத்திலிருந்து சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குப் பணம் பிடிக்கப்படுகிறது அல்லவா? விபத்தில் தவறு யாருடையது என்பதைப் பொறுத்து அந்தப் பாதுகாப்பு மாறுவதில்லை. வழக்கமான வழியை விட்டுச் சொந்த வேலைக்காக வேறு பக்கம் திரும்பியிருந்தால்தான் சிக்கல் வரும். முதலாளிக்குத் தகவல் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் அவர் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும்; ஆகவே இன்றே மனிதவளப் பிரிவுக்கு எழுத்து மூலம் தெரிவித்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் புகார், மருத்துவச் சான்றுகள், அன்றைய வருகைப் பதிவு, வீட்டிலிருந்து தொழிற்சாலை வரையிலான வழியைக் காட்டும் வரைபடம் ஆகியவற்றைக் கேட்பார்கள். எம்.சி. நான்கு நாளுக்குக் குறைவாக இருந்தால் தற்காலிக இயலாமைக்கான பணம் கிடைக்காது. ஆனால் மறுபரிசோதனையில் முறிவு தெரிந்து, மாவுக்கட்டுப் போட்டு விடுப்பு நீண்டால், கணக்கிடப்படும் சராசரி நாள் ஊதியத்தில் 80 விழுக்காடு வரை கிடைக்கும். கை முழுமையாகக் குணமாகாவிட்டால் நிரந்தர இயலாமைக்கும் விண்ணப்பிக்கலாம்.

கார் ஓட்டுநரின் காப்புறுதி நிறுவனத்திடம் இழப்பீடு கோருவது இதிலிருந்து வேறானது. காயத்துக்கான வழக்கைத் தொடர மேற்கு மலேசியாவில் பொதுவாக ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. மோதியது அரசாங்க வாகனமாக இருந்தால் 36 மாதம் மட்டுமே. நீங்கள் எதிலும் கையெழுத்திடாதது நல்லதாயிற்று. “முழுமையாகத் தீர்த்துக்கொண்டோம்” என்று எழுதிக் கொடுத்திருந்தால் கதை வேறாகியிருக்கும். போலீசாரிடம் கட்டணம் செலுத்தி இரு தரப்புப் புகார்களின் நகல், விபத்து இடத்தின் வரைபடம், விசாரணை முடிவு ஆகியவற்றைப் பெறுங்கள். மோட்டாரைப் பட்டறையில் இன்னும் சரிசெய்யவில்லை என்றால் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். ஏற்கெனவே சரிசெய்துவிட்டால் ரசீதையும், கழற்றிய பழைய பாகங்களையும் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: என் மகன் மோட்டாரில் உணவு விநியோகம் செய்பவன். கடந்த மாதம் விபத்தில் கால் முறிந்து மருத்துவமனையில் படுத்திருக்கிறான். முன்பின் தெரியாத ஒருவர் வார்டுக்கே வந்து, பெரிய தொகை வாங்கித் தருவதாகவும், கிடைத்தால் அதில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்றும் சொல்லிக் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா?
— ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: போடாதீர்கள், அம்மா. வென்றால் மட்டுமே கட்டணம் என்று கட்சிக்காரருடன் வழக்கறிஞர் ஒப்பந்தம் செய்துகொள்வதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் அனுமதிக்கவில்லை. வார்டு வார்டாக ஆள் அனுப்பி வழக்குப் பிடிப்பதும் அந்தத் தொழிலின் நெறிக்குப் புறம்பானது. இப்படி வருபவர்களிடம் அடையாள அட்டை நகலைக்கூடக் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால், அவர் எந்த வழக்கறிஞர் அலுவலகத்தின் பெயரைச் சொன்னாரோ அந்த அலுவலகத்துக்கு, உங்கள் மகன் யாரையும் நியமிக்கவில்லை என்று கடிதம் எழுதுங்கள். வழக்கறிஞர் தேவைதான், அவரை நீங்களே நேரில் பார்த்து, கட்டணத்தை எழுத்தில் பெற்று நியமியுங்கள். காலில் அடிபட்ட ஒருவருக்கு இறுதியில் எவ்வளவு குறை நிற்கும் என்பது சிகிச்சை முடிந்த பிறகுதான் தெரியும் என்பதால், முதல் மாதத்திலேயே தொகை சொல்பவரை நம்ப எந்தக் காரணமும் இல்லை.

விநியோக வேலை செய்பவர்களுக்கு 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொக்சோவில் தனித் திட்டம் இருக்கிறது. மகன் அதில் பதிவு செய்திருக்கிறாரா, சந்தா விபத்து நாளன்று நடப்பில் இருந்ததா என்பதை அவருடைய அடையாள அட்டை எண்ணைக் கொண்டு சொக்சோ அலுவலகத்தில் கேட்டறியுங்கள். பதிவு இருந்தால், அந்த நேரத்தில் அவர் வேலையில் இருந்தார் என்பதைக் காட்டும் ஆர்டர் விவரங்கள் செயலியிலிருந்து மறைவதற்குள் படம் பிடித்து வையுங்கள். மோட்டார் காப்புறுதிப் பத்திரத்தில் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அது உங்கள் மகன் மீது பிறர் கோரிக்கை வைத்தால் முக்கியமாகும்.

கேள்வி: விபத்தில் என் தலைக்கவசம் சாலையில் மோதியது. வெளியே ஒரு கீறல்தான். தொடர்ந்து அணியலாமா?
— ஒரு வாசகி, ஜெலுத்தோங்

பதில்: அணியக் கூடாது. தலையைக் காப்பது வெளி ஓடு மட்டுமன்று. உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு மோதலின் வேகத்தைத் தான் நசுங்கி வாங்கிக்கொள்கிறது, ஒருமுறை நசுங்கியது மறுபடி எழாது. சிரிம் தர முத்திரை உள்ள புதியதை வாங்குங்கள். ஆனால் பழையதைக் குப்பையில் போடாமல், உங்கள் இழப்பீட்டுக் கோரிக்கை முடியும்வரை வைத்திருங்கள். தலையில் எவ்வளவு வேகத்தில் அடிபட்டது என்ற கேள்வி எழும்போது அது சாட்சியாகும். விபத்துக்குப் பின் தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி வந்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூக்கம் தூக்கமாக வந்தாலோ 999ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.