கிறிஸ்தவர்கள் தங்களைக் ‘கடவுளுக்குச் சொந்தமானவர்கள்’ என்று சொல்வதன் பொருள் என்ன? வேறு சமயத்திலும் பண்பாட்டிலும் வளர்ந்த ஒருவருக்கு அதை எப்படிச் சொல்வது?

இப்படிக் கேட்பவர், ஒருமுறையாவது இதைச் சொல்ல வாய் திறந்து, எதிரே இருந்தவரின் முகம் மாறுவதைப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். நானும் பார்த்திருக்கிறேன். நான் போதகரும் அல்லன், இறையியல் கற்றவனும் அல்லன். ஆகவே சபையின் அதிகாரபூர்வமான விளக்கத்தை இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். தமிழில் நிலமும் சொந்தம், மாமன் மகனும் சொந்தம். நம் வேதாகமம் பேதுருவின் முதல் நிருபத்தில் (2:9) ‘அவருக்குச் சொந்தமான ஜனம்’ என்று சொல்லும்போது இந்த இரண்டு பொருளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. ‘கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்களே’, அதாவது விலைக்கு வாங்கப்பட்டீர்களே என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுவது முதல் பொருள். அதே பவுல் ரோமருக்கு எழுதும்போது, ‘அப்பா பிதாவே’ என்று கூப்பிடும் புத்திர சுவிகாரத்தைப் பற்றி, அதாவது பிள்ளையாகத் தத்தெடுக்கப்படுவதைப் பற்றிச் சொல்வது இரண்டாவது. 1563-இல் வெளிவந்த, புராட்டஸ்டண்ட் சபைகளின் போதனை நூலான ஹைடல்பர்க் வினாவிடை, வாழ்விலும் சாவிலும் உனக்குள்ள ஒரே ஆறுதல் எது என்று கேட்டுவிட்டு, நான் எனக்குரியவன் அல்லன், என் மீட்பரான இயேசு கிறிஸ்துவுக்கு உரியவன் என்ற விடையோடுதான் தொடங்குகிறது. ஆறுதல் என்ற சொல்லைக் கவனியுங்கள். நம்மைப் பெருமையடித்துக்கொள்ளச் சொல்லவில்லை.

நான் பெருமையைத்தான் எடுத்துக்கொண்டேன். வேலையின் பொருட்டு இரண்டாண்டுக் காலம் ஓர் அறையை உருது பேசும் இஸ்லாமிய நண்பர் ஒருவரோடு பகிர்ந்துகொண்டிருந்தேன். அவர் என்னை ‘பாய்’ என்பார், நானும் அவரை அப்படியே அழைப்பேன். இரண்டு கட்டில்களுக்கும் நடுவே அவருடைய தொழுகை விரிப்புக்கு மட்டும் சரியாக இடமிருந்தது; அவர் அதை விரிக்க எழும்போது நான் என் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். சேர்ந்த முதல் மாதத்திலேயே சாட்சி சொல்லிவிட வேண்டும் என்ற வேகத்தில், எங்கள் தேவன் எங்களைப் பிள்ளைகளாக வைத்திருக்கிறார், உங்கள் மார்க்கத்திலோ நீங்கள் வெறும் அடிமைகள்தானே என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. விரிப்பை வழக்கத்தைவிட மெதுவாக மடித்து வைத்துவிட்டு விளக்கை அணைத்தார். அதன்பின் பல மாதங்கள் நாங்கள் வேலையைப் பற்றியும் வானிலையைப் பற்றியும் மட்டுமே பேசினோம்.

இரண்டாம் ஆண்டில் என் தந்தை காலமானார். இறுதிச் சடங்கை முடித்துத் திரும்பிய சில நாட்களுக்குப் பின் ஓர் இரவில், அவர் உறங்கிவிட்டார் என்று எண்ணிக்கொண்டு முழங்காலில் நின்று, வாய்விட்டு ஜெபித்துக்கொண்டிருந்தேன். எழுந்து பார்த்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். “பாய், இறந்துபோன உங்கள் தகப்பனாரோடு பேசிக்கொண்டிருந்தீர்களா?” என்று மிகத் தயக்கத்தோடு கேட்டார். அவருக்கு என் மொழியில் தெரிந்த ஒரே சொல் ‘அப்பா’. நான் தொலைபேசியில் இரவுதோறும் அழைத்ததைக் கேட்டுக் கேட்டு அறிந்தது. அவர் மொழியிலும் தகப்பனை அழைக்கும் சொல் ஏறத்தாழ அதுவே, நடுவெழுத்தைச் சற்று மென்மையாகச் சொல்வார்கள். இயேசு பேசிய அரமேய மொழியிலும் அப்படித்தான். கிரேக்கத்தில் எழுதிய மாற்குவும் பவுலும் அந்த ஒரு சொல்லை அதன் மூல ஒலியோடே விட்டுவைத்தார்கள்.

இல்லை, கடவுளோடுதான் பேசினேன் என்றேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, இறைவனுக்குத் தங்கள் மரபு சொல்லும் தொண்ணூற்றொன்பது பெயர்களில் தகப்பன் என்பது இல்லை என்றும், அப்படி அழைப்பது தமக்குத் துணிச்சலாகத் தோன்றுகிறது என்றும் சொன்னார். பின்னர், நான் முன்பு இழிவாகச் சொன்ன அந்தச் சொல்லை அவரே எடுத்தார். அப்துல்லா என்றால் இறைவனின் அடிமை என்று பொருள். குர்ஆனின் பத்தொன்பதாம் அத்தியாயத்தில், தொட்டிலில் இருக்கும் மரியமின் குழந்தை ஈசா பேசத் தொடங்கும்போது, ‘நான் இறைவனின் அடிமை’ என்றுதான் முதலில் சொல்கிறார். அதைவிட உயர்ந்த பட்டம் ஒரு மனிதனுக்கு இல்லை என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. நானே தினமும் வாசிக்கும் ரோமர் நிருபத்தின் முதல் வசனத்தில் பவுல் தம்மை அழைத்துக்கொள்வதும் அடிமை என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லால்தான். தமிழில் அது ‘ஊழியக்காரன்’ ஆகி, காலப்போக்கில் மேடையில் மாலை போடுவதற்குரிய பட்டமாகவும் ஆகிவிட்டதால், அதன் கனம் என் காதில் விழாமல் போயிருந்தது.

அன்றிரவு நான் சொன்னது ஒன்றுதான். எங்கள் வேதத்தில் அடிமையின் ரூபமெடுத்தவர் குமாரனே என்று எழுதியிருக்கிறது. அதனால்தான் எனக்கு அப்பா என்று அழைக்கத் துணிச்சல் வந்தது, என் தகுதியால் அல்ல என்றேன். அவர் அதை ஏற்கவில்லை. ஆனால் அந்த இரவில் அவர் விளக்கை அணைக்கவில்லை, விடியும்வரை பேசினோம்.

‘இரண்டாண்டு கூடவே இருந்தும் ஓர் ஆத்துமாவை ஆதாயப்படுத்தவில்லையே’ என்று என் சபையிலேயே கேட்டவர்கள் உண்டு. இதைப் படித்துவிட்டு இன்னும் சிலர் கேட்பார்கள். இன்னொரு பக்கம், அடுத்தவரின் நம்பிக்கையில் நீ ஏன் தலையிடுகிறாய் என்பவர்களும் வருவார்கள். இரண்டாமவர்களுக்கு என் பதில் சுருக்கமானது: அவரும் தம் நம்பிக்கையை என்னிடம் சொன்னார், நான் அதைத் தலையீடாக எண்ணவில்லை. முதலாமவர்களிடம் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. ஒரு கூட்டத்தில் நான் இதைச் சாட்சியாகச் சொல்லி முடித்தபோது, நடத்தியவர் கேட்ட முதல் கேள்வி, அறிக்கையில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதுதான். எண்ணிக்கைக் கட்டத்தில் இடமில்லாததால் என் நண்பர் அந்த அறிக்கையில் இடம்பெறவே இல்லை.

பண்பாட்டைத் தாண்டுவது தொடக்கத்திலிருந்தே சிக்கலானதுதான். அந்தியோகியாவில் கிரேக்கரிடம் பேசியவர்கள், யூதருக்கு மட்டுமே விளங்கும் மேசியா என்ற பட்டத்தை முன்வைக்காமல், ‘கர்த்தராகிய இயேசு’ என்று அறிவித்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் (11:20) சொல்கிறது. யூதரல்லாத புறஜாதியார் விருத்தசேதனம் செய்துகொள்ளத் தேவையில்லை என்று பதினைந்தாம் அதிகாரத்தில் எருசலேம் சபை முடிவெடுக்க, பெரிய வாக்குவாதமே நடந்தது. பிற்காலத்தில் அந்தப் பெருந்தன்மை குறைந்தது. சீனத்தில் ஊழியம் செய்த கத்தோலிக்கத் துறவி மத்தேயோ ரிச்சி முன்னோர் வணக்கத்தைக் கிறிஸ்தவர்கள் தொடரலாம் என்று இடம்கொடுத்தார். 1715-இலும் 1742-இலும் ரோமாபுரி அதைத் தடைசெய்தது, 1939-இல்தான் தடை தளர்ந்தது. தாய் தகப்பனை மதித்ததற்காக எத்தனை தலைமுறைகள் கடவுளுக்கு அந்நியராக எண்ணப்பட்டிருப்பார்கள்! அரபு மொழிக் கிறிஸ்தவர்கள் இன்றும் தங்கள் வேதாகமத்தில் கடவுளை அல்லாஹ் என்றே வாசிக்கிறார்கள் என்பது என் நண்பருக்கே புதிய செய்தியாக இருந்தது. எனக்கும் அது தெரிந்தது வெகு தாமதமாகத்தான்.

நாங்கள் பிரிந்து சில ஆண்டுகளுக்குப் பின், தம் தந்தை மருத்துவமனையில் இருப்பதாக அவர் தொலைபேசியில் அழைத்தார். ஜெபிக்கிறேன் என்றேன். “உங்கள் மொழியிலேயே கேளுங்கள் பாய், அந்தச் சொல்லைச் சொல்லி” என்றார்.

நீங்கள் பேச நினைப்பவர் எந்த மரபில் வளர்ந்தவர் என்று கேள்வியில் இல்லை. அவர் மொழியில் ‘சொந்தம்’ என்பதற்கு ஈடாக நீங்கள் எடுக்கவிருக்கும் சொல் நிலத்துக்கு வழங்குவதா, உறவுக்கு வழங்குவதா, ஒரு காலத்தில் விற்கப்பட்ட மனிதர்களுக்கு வழங்கியதா என்று முதலில் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் பேசியதால்தான் அத்தனை மாதங்கள் வானிலையைப் பற்றிப் பேச நேர்ந்தது.