21,000 பிரதி விற்கும் தொடர் பிழைக்குமா?

கேள்வி: கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கிறேன். புதிதாக வரும் ஒரு சூப்பர் ஹீரோயின் தொடர் மீது எனக்குப் பைத்தியம். ஆறு இதழ் வந்திருக்கிறது. நண்பர்கள் நடுவே தினமும் சண்டை. "முதல் இதழ் 60,000, இப்போது 21,000, பன்னிரண்டாவது இதழைத் தாண்டாது" என்கிறான் ஒருவன். "தொகுப்பு (ஐந்தாறு இதழைச் சேர்த்து ஒரே புத்தகமாகப் போடுவது) விற்றால் தப்பிக்கும்" என்கிறான் இன்னொருவன். நான் தனி இதழ் வாங்குவதில்லை, தொகுப்புக்காகக் காத்திருக்கிறேன். என்னால்தான் தொடர் சாகிறதாம். உண்மையா? இனி இரண்டிரண்டு பிரதி வாங்கட்டுமா?

பதில்: முதலில் அந்த 21,000 எங்கே கிடைத்தது என்று நண்பரைக் கேளுங்கள். ஒரு காலத்தில் அமெரிக்காவின் பெரிய காமிக்ஸ் பதிப்பகங்கள் எல்லாம் டயமண்ட் என்ற ஒரே விநியோகஸ்தர் வழியாகத்தான் கடைகளுக்குப் போயின. டயமண்டும் எண்ணிக்கையை வெளியே சொல்லாது, பேட்மேன் இதழை 100 என்று வைத்து மற்றவை அதில் எவ்வளவு என்று மட்டும் பட்டியல் போடும். அதிலிருந்து ஐசிவி2, காமிக்ரான் போன்ற தளங்கள் கணக்குப் போட்டுப் பிரதி எண்ணிக்கையைச் சொல்லும், ரசிகர்கள் அதை வைத்து மாதம் முழுக்க அடித்துக்கொள்வார்கள். 2020 ஜூனில் பேட்மேனை வெளியிடும் டிசி விலகியது, 2021 அக்டோபரில் ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெல், பெங்குவின் ரேண்டம் ஹவுஸ் என்ற புத்தக நிறுவனத்துக்கு மாறியது, 2025 ஜனவரியில் டயமண்டே திவால் மனு போட்டுவிட்டது. எல்லோரையும் ஒரே தட்டில் நிறுத்த அப்படி ஒரு பட்டியல் இன்று இல்லை. ஆகவே உங்கள் நண்பர் சொல்வது, நல்லபடியாகச் சொன்னால், ஊகம்.

அந்தப் பழைய எண்ணிக்கையும் வாசகர் வாங்கியதல்ல, கடைக்காரர் ஆர்டர் போட்டது. இது முக்கியம். 1973 வாக்கில் ஃபில் சூலிங் என்ற காமிக்ஸ் விநியோகஸ்தர் ஆரம்பித்து வைத்த முறை: கடைக்குக் கூடுதல் தள்ளுபடி உண்டு, ஆனால் விற்காததைத் திருப்பி அனுப்ப முடியாது. இப்போது சில இதழ்களுக்கு விலக்கு தருகிறார்கள், ஆனாலும் அடிப்படை இன்னும் அதுதான். பத்துப் பிரதி எடுத்து ஆறு விற்றால், மிச்சம் நான்கும் கடைக்காரர் தலையில். அதிலும் ஆர்டரை மாதங்களுக்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும் என்பதால் இரண்டாவது, மூன்றாவது இதழுக்கு எத்தனை என்று யோசிக்கும்போது முதல் இதழ் கடைக்கே வந்திருக்காது. அதனால் பயந்துகொண்டு குறைப்பார்கள். போதாததற்கு, முதல் இதழில் "இருபத்தைந்து எடுத்தால் அபூர்வ அட்டைப்படம் போட்ட பிரதி ஒன்று" என்ற ஆசை காட்டல் வேறு, அது ஆர்டரை ஊதிப் பெருக்கிவிடும். 60,000 என்பதில் எவ்வளவு காற்று என்று யாருக்குத் தெரியும்? முதல் இதழிலிருந்து பாதிக்கு விழுவதெல்லாம் சாதாரணம். நான்காவது, ஐந்தாவது இதழுக்குப் பிறகு சரிவு மெதுவாகிறதா, இன்னும் வேகமாகத்தான் போகிறதா என்பதைப் பாருங்கள். எண்ணிக்கையைவிடச் சரிவுதான் பேசும்.

சரி, 21,000 என்பதே உண்மை என்று வைத்துக்கொள்வோம். 3.99 டாலர் இதழில் பதிப்பகத்தின் கைக்கு வருவது தோராயமாக 40 சதவீதம், அதாவது 1.60 டாலர். மொத்தம் 33,600 டாலர். எழுத்தாளர், ஓவியர், மை தீட்டுபவர், வண்ணம் போடுபவர், எழுத்துப் பொறிப்பவர் சம்பளம், அச்சுக்கூலி, ஆபீஸ் செலவு எல்லாம் அதற்குள். பெரிய பதிப்பகத்துக்கு லாபம் வந்தாலும், அதே ஓவியரை வேறு தொடரில் போட்டால் இன்னும் வருமே என்ற கணக்கு இருக்கிறது. இமேஜ் என்ற பதிப்பகம் மாதிரி இடத்திலோ, பதிப்பகம் இதழுக்கு ஒரு நிலையான கட்டணம் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் படைப்பாளிக்கே கொடுத்துவிடும், அங்கே இதில் பாதி விற்றாலும் ஓட்டலாம். ஆக "20,000-க்குக் கீழே போனால் மரணம்" என்ற கோடு ரசிகர்கள் கிழித்தது. இமேஜின் தி வாக்கிங் டெட் தொடர் 2003-இல் 7,000 சொச்சம் பிரதியோடு ஆரம்பித்து 193 இதழ் ஓடியது. ஆனால் அதைக் காட்டி ஆறுதல் தேடாதீர்கள், அப்படி ஏறுவது ரொம்ப அபூர்வம்.

ரசிகர்கள் சத்தம் போட்டுக் காப்பாற்றிய கதையும் உண்டு. மார்வெலின் ஸ்பைடர்-கேர்ள் 1998-இல் வந்தது, நிறுத்தப்போகிறோம் என்று பலமுறை சொல்லியும் வாசகர் விடாததால் 100 இதழ் வரை போனது. டிசியின் மேன்ஹன்டர் 25-ஆவது இதழோடு முடிவதாக இருந்து, ரசிகர்கள் எழுதி எழுதியே முதலில் இன்னும் ஐந்து இதழ், அப்புறம் 38 வரை இழுத்தார்கள். அதன்பிறகு நின்றுவிட்டது. கடிதத்தால் அவகாசம் கிடைக்கும், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

இப்போது உங்கள் குற்ற உணர்ச்சிக்கு வருகிறேன். தொகுப்புக்காகக் காத்திருப்பது பாவமில்லை, கமலா கான் என்ற நாயகி வரும் மிஸ் மார்வெல் தொடர் நிலைத்ததில் தொகுப்பு விற்பனைக்குப் பெரிய பங்கு உண்டு. சிக்கல் நேரத்தில்தான். முதல் தொகுப்பு வருவது ஐந்தாறு இதழுக்குப் பிறகு, அது எப்படி விற்றது என்று தெரிய இன்னும் சில மாதம். தொடரை நிறுத்துவதா என்ற பேச்சு பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும். தேர்தல் முடிந்தபிறகு போடும் ஓட்டு மாதிரி.

இரண்டு பிரதி வாங்குவது? நானும் ஒரு காலத்தில் அலமாரியிலிருந்து இரண்டிரண்டாக எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த இதழின் பணம் பதிப்பகத்துக்கு ஏற்கெனவே போய்விட்டது, நான் காலி செய்தது கடைக்காரரின் அலமாரியை மட்டும்தான். அடுத்த தடவை அவர் ஒன்று கூட்டிப் போடலாம், போடாமலும் இருக்கலாம். அதைவிட ஒரே பிரதியை முன்கூட்டியே சொல்லி வைப்பது எத்தனையோ மேல். லயன்-முத்து காமிக்ஸுக்குச் சந்தா கட்டிப் பழகியிருந்தால் இது புதிதாகத் தோன்றாது. கடையில் உங்கள் பெயரில் ஒரு பட்டியல் இருக்கும், அதில் இந்தத் தொடரைச் சேர்க்கச் சொல்லுங்கள், காசை இதழ் வாங்கும்போது கொடுத்தால் போதும். கடைகள் எண்ணிக்கையைக் கடைசியாக மாற்றும் நாள், இதழ் வெளியாவதற்கு மூன்று நான்கு வாரம் முன்னால் வரும். ஏழாவது இதழுக்கு அது அநேகமாகத் தாண்டியிருக்கும். எட்டாவதுக்கு இந்த வாரமே போய்ச் சொல்லிவிடுங்கள்.