தொடுவானம் உடம்பில் எங்கே வெட்டுகிறது? கடற்கரையில் கேமரா பழகுபவருக்கு

கேள்வி: மண்டபம் பக்கத்து மீனவக் கிராமம் எங்களுடையது. கரைவலை (கடலில் விரித்துக் கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் வலை) இழுக்கும் பெரியவர் ஒருவரைப் பற்றி ஐந்து நிமிடக் குறும்படம் எடுக்கிறேன். மிரர்லெஸ் கேமரா, 24–70 மி.மீ. லென்ஸ், கிம்பல் (கேமராவை மோட்டாரால் சமநிலையில் தாங்கும் கைப்பிடி) மூன்றும் இருக்கின்றன. கேமராவை நகர்த்திக்கொண்டே எடுத்தும் காட்சி தட்டையாக இருக்கிறது, கடலும் சரிந்து தெரிகிறது. எங்கிருந்து பழகுவது?

பதில்: கிம்பலைக் கொஞ்ச நாள் பெட்டியிலேயே வைத்துவிட்டு, கேமராவின் உயரத்திலிருந்து தொடங்குங்கள். ராமநாதபுரம் கரை பெரும்பாலும் தட்டையானது. ஃப்ரேமில் கண்ணை முதலில் இழுப்பது தொடுவானக் கோடுதான். அது ஆளின் உடம்பில் எங்கே வெட்டும் என்பதைத் தீர்மானிப்பது கேமராவின் உயரம். கண் மட்டத்தில் வைத்து எடுத்தால், உங்கள் உயரமுள்ளவரின் கண் வழியாகவே கோடு போகும். முகம் இரண்டு துண்டானதுபோல ஆகிவிடும். கேமராவை மூன்றடிக்கு இறக்குங்கள். கோடு இடுப்புக்கு வந்துவிடும், நெஞ்சும் முகமும் வானத்தின் மேல் தனியாகத் தெரியும். கரையேற்றி வைத்த வள்ளத்தின் மேல் ஏறி எட்டடியிலிருந்து எடுத்தால், ஆள் முழுக்கக் கடலுக்குள் அடங்கிவிடுவார். மூன்றடியில் ஆள் ஓங்கி நிற்கிறார், எட்டடியில் கடல் அவரை விழுங்குகிறது. இந்த இரண்டில் உங்கள் கதைக்கு எது வேண்டும் என்று முடிவு செய்வதுதான் ஃப்ரேம் போடுவதன் முதல் வேலை. ஃப்ரேமை மூன்றாகப் பிரித்து அந்தக் கோடுகளில் பொருளை வைக்கும் மூன்றில் ஒரு பங்கு விதியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். கேமராவை மேலும் கீழும் சாய்த்தால் கோடு ஃப்ரேமில் இடம் மாறுமே தவிர, அவர் உடம்பில் வெட்டும் இடம் மாறாது. அதை மாற்ற உயரத்தைத்தான் மாற்ற வேண்டும். கரை சரிவாக இருந்து, அவர் உங்களைவிட இரண்டடி பள்ளத்தில் நின்றால் அந்த இரண்டடியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கடல் சரிவதற்குப் பெரும்பாலும் கிம்பலைச் சமதளத்தில் வைத்துக் காலிப்ரேட் செய்யாததே (எது நேர்மட்டம் என்று அதற்குக் கற்றுக்கொடுக்காததே) காரணம். மணலில் வைத்துச் செய்யாதீர்கள், ஒரு பலகையின் மேல் வையுங்கள். வேகமாகத் திரும்பிய பிறகும் கோடு ஓரிரு டிகிரி நழுவும். கட்டடம் நிறைந்த தெருவில் அது கண்ணில் படாது. கடலில் ஒரு டிகிரி சரிந்தாலே தெரிந்துவிடும். திரையில் கிரிட் கோட்டைப் போட்டு, ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் ஒத்துப்பாருங்கள்.

இப்போது நகர்வுக்கு வருவோம். உங்கள் காட்சி தட்டையாக இருப்பதற்கு உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது. கேமரா நகர்வது நமக்குத் தெரிவது, பக்கத்தில் இருக்கும் பொருள் வேகமாகவும் தூரத்தில் இருப்பது மெதுவாகவும் நகர்வதால்தான். தொடுவானம் நகரவே நகராது. வெறும் கடலையும் வானத்தையும் வைத்துக்கொண்டு பத்தடி பக்கவாட்டில் நடந்தாலும், பார்ப்பவருக்குக் கேமரா நின்றது போலத்தான் இருக்கும். அதனால் ஃப்ரேமில் மூன்று தூரம் வேண்டும்: கேமராவிலிருந்து மூன்று நான்கடியில் வலைக் குவியலோ வள்ளத்தின் முனையோ பனைமரமோ, பதினைந்தடியில் பெரியவர், அதற்கப்பால் கடல். 24 மி.மீ.யில் வைத்து வலையை ஒட்டி நான்கே அடி நகர்ந்து பாருங்கள், ஆழம் உடனே தெரியும். அதையே 70 மி.மீ.யில் எடுத்தால் பின்னணி பெரிதாகி முன்னால் வரும், கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். ஜூம் செய்வதை நகர்வுக்கு மாற்றாக நினைக்காதீர்கள். ஜூமில் எல்லாம் ஒரே அளவில் பெருகும், ஒன்றுக்குப் பின்னால் இருக்கும் இன்னொன்று வெளிப்படாது.

மூன்று அச்சு கிம்பல் சரிவையும் திருப்பத்தையும் திருத்தும். மேலும் கீழுமான குதிப்பைத் திருத்தாது. காய்ந்த மணலில் கால் புதையும் ஒவ்வொரு முறையும் ஃப்ரேம் குதிப்பது அதனால்தான். அலை நனைத்து இறுகிய மணலில் நடங்கள், முழங்காலை மடக்கி, குதிகால் முதலில் ஊன்ற வேண்டும். நகர்வதற்கு முன் ஐந்து நொடியும் முடிந்த பின் ஐந்து நொடியும் அசையாமல் பிடியுங்கள், எடிட்டிங்கில் வெட்ட இடம் கிடைக்கும். முடியும் ஃப்ரேமை முதலில் அமைத்துப் பார்த்துவிட்டுத் தொடக்கத்துக்குத் திரும்பி வருவது நல்ல பழக்கம். பெரும்பாலான நகர்வுகள் கெடுவது போய்ச் சேரும் இடம் தெரியாததால்தான்.

கரைவலை உங்களுக்கு ஒரு வரம். இரண்டு கயிறு, இரண்டு வரிசை ஆட்கள், வலை நெருங்க நெருங்க இரண்டு வரிசையும் ஒன்றை நோக்கி ஒன்று நகரும். ஒரு வரிசைக்குப் பின்னால் தாழ்வாக உட்கார்ந்தால் கயிறே கண்ணைக் கடலுக்கு இழுத்துச் செல்லும். இங்கே கேமராவை நகர்த்தாதீர்கள், ஆட்கள் நகர்கிறார்கள், அதுவே போதும். பக்கவாட்டில் எடுக்கும்போது கயிற்றையே உங்கள் 180 டிகிரி கோடாக, அதாவது கேமரா தாண்டக்கூடாத கோடாக, வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டி மறுபக்கம் போனால், இடமிருந்து வலமாக இழுத்தவர்கள் அடுத்த ஷாட்டில் வலமிருந்து இடமாக இழுப்பார்கள், பார்ப்பவர் குழம்புவார். தாண்டியே ஆகவேண்டுமென்றால் இடையில் கயிற்றுக்கு நேர் பின்னாலிருந்து ஒரு ஷாட்டோ, கைகளின் குளோசப்போ போடுங்கள். பெரியவர் தூரத்துக் கடலைப் பார்க்கும் ஒரே இடத்தில் மட்டும், மெதுவாக அவரை நோக்கிச் செல்லுங்கள். படம் முழுக்க அப்படி ஒரு நகர்வு இருந்தால் அது நெஞ்சில் நிற்கும்.

நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்தால் ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒளி விழும் நேரம்) 1/50 நொடி. வெளிறிய மணலும் நேர் வெயிலுமான பகலில் ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) 100-இல் இதற்கு எஃப்/22-ஐவிடச் சிறிய லென்ஸ் துளை கேட்கும்; எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும். எஃப்/4 வேண்டுமென்றால் ஒளியை 64-இல் ஒரு பங்காகக் குறைக்கும் என்.டி. 64 ஃபில்டரை லென்ஸில் மாட்டுங்கள். கேமராவை ஆட்டோவில் விட்டால் ஷட்டர் 1/2000-க்குத் தாவும், கயிறும் கைகளும் வெட்டி வெட்டி நகரும். பேன் செய்யும்போது (கேமராவை நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் திருப்பும்போது) ஒரு பொருள் ஃப்ரேமின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக ஏறத்தாழ ஏழு நொடி எடுக்கட்டும். அதைவிட வேகமானால் படம் அதிரும். காலை 6 மணியிலிருந்து 8 மணி வரை எடுத்தால் முகத்தில் வெளிச்சம் விழும். உச்சி வெயிலில் கண்குழி கறுத்துப்போகும்.

2025-இல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலம் நல்ல பயிற்சிக்களம். கப்பல் போக அதன் 72.5 மீட்டர் நீளப் பகுதி செங்குத்தாக 17 மீட்டர் உயரும். தள்ளிக் கரையிலிருந்து, ட்ரைபாடில், உயரப்போகும் இடத்தை முன்கூட்டியே மேலே காலியாக விட்டு ஃப்ரேம் போட்டுக் காத்திருங்கள், கேமராவைத் தொடாதீர்கள். ட்ரோன் ஆசை வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, இது எல்லைக் கடலும்கூட. அனுமதி வாங்காமல் பறக்கவிட்டால் சிக்கல்தான்.

படகில் எடுக்கும்போது: வள்ளத்தின் ஒரு பகுதி ஃப்ரேமில் இருந்தால் கேமராவை வள்ளத்தோடு சேர்த்து இறுக்கிப் பிடித்து, தொடுவானத்தை ஆட விடுங்கள். படகு அசையாமல் கடல் ஆடுவதுதான் உள்ளே இருப்பவரின் அனுபவம். வெறும் கடல் மட்டும் என்றால் கிம்பலைப் போடுங்கள். காற்றில் லென்ஸ் மாற்றாதீர்கள். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கிம்பலின் மோட்டார் ஓரங்களைத் துடையுங்கள். உப்பு காய்ந்துவிட்டால் சுழலும் இடம் இறுகி, மறுநாள் கோடு மறுபடி சரியும்.